சிமெண்ட் இல்லாச் செயற்கை முழங்கால்: அறுவைக்குப் பின் எதிர்பார்க்கக்கூடியது என்ன?

முழங்கால் மாற்று அறுவைக்கென எங்களிடம் வருவோரில் பலர், அண்மைக் காலமாக ஒரு கேள்வியைக் கையோடு கொண்டுவருகின்றனர். "சிமெண்ட் வைக்காமலே செய்கிற புது முறை வந்திருக்கிறதாமே, அது ஆயுசு முழுக்க உழைக்குமாமே?" என்பதே அக்கேள்வி. உறவினர் ஒருவர் சொன்னார் என்பர். கைபேசியில் வந்த காணொலியில் பார்த்தோம் என்பர். சிலர் அதற்கெனக் கூடுதல் பணத்தைப் புரட்டிக்கொண்டே வருகின்றனர். வேறு சிலர், அவ்வளவு பணம் இல்லாமையால் தமக்குத் தரம் குறைந்த சிகிச்சை கிடைத்துவிடுமோ என்ற கலக்கத்துடன் வருகின்றனர். இவ்விரு சாராரும், அவர்களை அழைத்துவரும் பிள்ளைகளும், அமைதியாக அமர்ந்து படித்து முடிவெடுக்க உதவும் வகையில் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மாற்றப்படுவது எது?

'மூட்டு மாற்று' என்ற சொல்லைக் கேட்டதும், முழங்கால் முழுவதையும் வெட்டியெடுத்துவிட்டு இரும்புக் காலைப் பொருத்துவதாகப் பலர் எண்ணி அஞ்சுகின்றனர். உண்மையில் மாற்றப்படுவது தேய்ந்துபோன மேற்பரப்பு மட்டுமே. தொடை எலும்பின் கீழ்முனையிலும், கீழ்க்கால் எலும்பின் மேல்முனையிலும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு எலும்பைச் சீவியெடுத்து, அவ்விடங்களில் உலோக உறைகளைப் பொருத்துகிறோம். இரண்டு உலோகங்களுக்கும் இடையே, குருத்தெலும்பின் வேலையைச் செய்வதற்காகப் பாலிஎத்திலீன் என்னும் கடினமான பிளாஸ்டிக் தகடு அமர்த்தப்படுகிறது. தேவைப்பட்டால் முழங்காற்சில்லின் உட்புறத்தையும் மாற்றுவதுண்டு.

உலோக உறையை எலும்போடு எவ்வாறு பிணைப்பது என்னும் இடத்தில்தான் சிமெண்ட் பற்றிய பேச்சு எழுகிறது. வீடு கட்டும் சிமெண்டுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இது பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்னும் செயற்கைச் சேர்மம். பொடியையும் திரவத்தையும் அறுவை அரங்கிலேயே கலக்கும்போது பிசைந்த மாவுபோலாகி, 10 முதல் 15 நிமிடங்களில் கல்லாக இறுகிவிடும். இது கோந்துபோல் ஒட்டுவதில்லை. பஞ்சு போன்ற எலும்பின் நுண்துளைகளுக்குள் புகுந்து இறுகி, உலோகத்தை எலும்புடன் பூட்டிவிடுகிறது. இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி 1950-களின் பிற்பகுதியில் இடுப்பு மூட்டு மாற்றில் இதனைப் பயன்படுத்தி வெற்றி கண்டார். 1970-களில் முழங்காலுக்கும் இம்முறை நிலைபெற்றது.

சிமெண்டைக் கைவிட ஏன் முனைந்தனர்?

சிமெண்ட் முறை தோற்றுப்போனதால் மாற்று தேடப்படவில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2019-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வின்படி, முழு முழங்கால் மாற்று செய்துகொண்டவர்களில் 82 விழுக்காட்டினரின் செயற்கை மூட்டு 25 ஆண்டுகளுக்குப் பின்னும் மாற்றப்படாமல் நிலைத்திருக்கிறது. 70 வயதுக்கு மேல் அறுவை செய்துகொள்ளும் ஒருவருக்கு, எஞ்சிய வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படுவதற்கான வாய்ப்பு 5 விழுக்காடு அளவே என 2017-இல் அதே இதழில் வெளியான பிரிட்டன் ஆய்வு கணக்கிட்டது.

அந்த ஆய்வின் மறுபக்கம் கவலைக்குரியது. 50 வயதைத் தாண்டிய சில ஆண்டுகளிலேயே அறுவை செய்துகொள்ளும் ஆண்களுக்கு அந்த வாய்ப்பு 35 விழுக்காடு வரை உயர்கிறது. இளையவர்கள் நெடுங்காலம் வாழ்வர், அதிகம் நடப்பர், பாரமான வேலைகளைச் செய்வர். பல்லாயிரக்கணக்கான அடிகளின் அழுத்தத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கும் சிமெண்ட் படலத்தில் நுண்விரிசல்கள் தோன்றலாம்; கிருமித்தொற்று ஏதுமின்றியே பிடிமானம் தளரலாம். எலும்பே உலோகத்தைப் பற்றி வளருமானால் அந்தப் பிடிமானம் உயிருள்ளதாக, தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வதாக இருக்குமே என்ற எண்ணத்திலிருந்து பிறந்ததுதான் சிமெண்ட் இல்லா முறை.

இது முற்றிலும் புதிய முறை என்று கருதுவதும் சரியன்று. 1980-களிலேயே இத்தகைய மூட்டுகள் பொருத்தப்பட்டன. அவற்றுள் பல ஏமாற்றம் அளித்தன. உலோகத் தட்டில் பதித்த சில்லுப் பகுதி விரைவில் தேய்ந்தது. கீழ்க்கால் எலும்பில் தட்டை இருத்தப் போட்ட திருகுகளின் வழியே தேய்மானத் துகள்கள் இறங்கி எலும்பை அரித்தன. அக்காலப் பிளாஸ்டிக்கின் தரமும் குறைவாக இருந்தது. அதனால் அறுவை மருத்துவர்கள் பலர் மீண்டும் சிமெண்டுக்கே திரும்பினர்.

இன்றைய மூட்டுகள் அந்தப் பாடங்களைக் கற்றுக்கொண்டு உருவானவை. டைட்டானியம் அல்லது டாண்டலம் உலோகத்தில், இயற்கை எலும்பின் பஞ்சமைப்பை ஒத்த நுண்துளைப் பரப்பு அமைக்கப்படுகிறது. முப்பரிமாண அச்சு முறையால் இத்துளைகளை வேண்டிய அளவில் உருவாக்க இயல்கிறது. சில மூட்டுகளின் மேல், எலும்பிலுள்ள கனிமமாகிய ஹைட்ராக்ஸிஅபடைட் பூசப்படுகிறது. பிளாஸ்டிக் தகட்டின் தரமும் பெரிதும் உயர்ந்துள்ளது.

முதல் மூன்று மாதங்கள்

காரை பூசி நட்ட கம்பம் அன்றே உறுதியாக நிற்கும். நட்ட கன்றோ வேர்பிடிக்கக் காலம் கேட்கும். சிமெண்ட் இட்ட மூட்டுக்கும் இடாத மூட்டுக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் நோயாளிகளுக்கு இவ்வாறே விளக்குகிறோம்.

சிமெண்ட் இடாத மூட்டை அறுவையின்போது எலும்பில் இறுக்கமாக அழுத்திப் பொருத்துகிறோம். அந்த இறுக்கம் மட்டுமே முதற்காலப் பிடிமானம். அடுத்த சில வாரங்களில் எலும்பணுக்கள் நுண்துளைகளுக்குள் வளரத் தொடங்குகின்றன. அக்காலத்தில் உலோகத்துக்கும் எலும்புக்கும் இடையே உண்டாகும் நுண்ணசைவு 150 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கைத் தாண்டினால், எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்து பிடிமானம் பலவீனமாகிவிடும். எனவே எலும்பை வெட்டும் துல்லியமும் எலும்பின் அடர்த்தியும் இம்முறையில் பெரிதும் முக்கியத்துவம் பெறுகின்றன.

இதனைக் கேட்டு, மூன்று மாதம் படுக்கையிலேயே இருக்க வேண்டுமோ என எவரும் அஞ்ச வேண்டாம். பொருத்தம் உறுதியாக இருப்பின், சிமெண்ட் இட்டவரைப் போலவே அறுவை நாளன்றோ மறுநாளோ வாக்கர் துணையுடன் கால் ஊன்றி நடக்கச் செய்கிறோம். அளவான அழுத்தம் எலும்பு வளர்ச்சிக்கு நல்லதே. ஆயினும் இக்காலத்தில் கீழே விழுதல், குதித்தல், பாரம் தூக்குதல் ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

முதற்சில வாரங்களில், எழுந்து முதல் அடி வைக்கும்போது முழங்காலுக்குச் சற்றுக் கீழே வலி தோன்றலாம். சிமெண்ட் இடாதவர்களிடம் இது சற்று அதிகமாகக் காணப்படுவதுண்டு. எலும்பு பற்றப் பற்ற இவ்வலி குறைந்து, பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் மறைந்துவிடுகிறது. அண்டை வீட்டில் சிமெண்ட் இட்டு அறுவை செய்துகொண்டவருடன் தம்மை ஒப்பிட்டு, "என் காலில் ஏதோ தவறு நடந்துவிட்டது" என்று இக்கட்டத்தில் மனம் தளர்வோரைக் காண்கிறோம். அந்த ஒப்பீடு தேவையற்றது. வலி நாளுக்கு நாள் குறைகிறதா, கூடுகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். கூடுமாயின் எங்களிடம் வாருங்கள்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

ஒரு சிகிச்சையின் பயனை மூன்று வகையில் அளக்கிறோம்: மூட்டு எத்தனை ஆண்டு நிலைத்தது, எலும்புடன் எவ்வளவு உறுதியாகப் பிணைந்தது, நோயாளி தம் வாழ்க்கையை எவ்வளவு திரும்பப் பெற்றார்.

நிலைப்பைப் பொறுத்தவரை, தேசிய மூட்டுப் பதிவேடுகள் நமக்குப் பெருந்துணை. சுவீடன் 1975-இலேயே முழங்கால் மாற்றுக்கெனத் தனிப் பதிவேட்டைத் தொடங்கியது. ஆஸ்திரேலியா 1999-இலும், இங்கிலாந்து 2003-இலும் அவ்வழியைப் பின்பற்றின. இங்கிலாந்துப் பதிவேட்டில் இன்றும் மிகப் பெரும்பான்மை முழங்கால்கள் சிமெண்ட் இட்டவையே. அமெரிக்காவிலோ கடந்த பத்தாண்டில் சிமெண்ட் இல்லா முறையின் பயன்பாடு வேகமாக வளர்ந்துள்ளது. பொதுவாக நோக்கின், நல்ல வடிவமைப்புள்ள மூட்டை, அதில் தேர்ந்த கை பொருத்தியிருக்குமாயின், இரு முறைகளுக்கும் இடையிலான வேறுபாடு சிறிதே. சிமெண்ட் உண்டா இல்லையா என்பதைவிட, மூட்டின் வடிவமைப்பும் பொருத்தப்பட்ட கோணமும் தசைநார்களின் சமநிலையும் விளைவைப் பெரிதும் தீர்மானிக்கின்றன.

தென் கொரியாவில் நடந்த ஓர் ஆய்வு குறிப்பிடத்தக்கது. இரு முழங்கால்களும் தேய்ந்த, 55 வயதுக்குட்பட்ட 80 பேருக்கு, ஒரு காலில் சிமெண்ட் இட்டும் மறு காலில் இடாமலும் மூட்டு பொருத்தினர். ஒரே உடல், ஒரே எடை, ஒரே வாழ்க்கை. ஆதலால் இதைவிட நேர்மையான ஒப்பீடு அரிது. சராசரியாக 16 ஆண்டுகளுக்கு மேல் கண்காணித்த பின்னும், வலியிலோ இயக்கத்திலோ மூட்டின் நிலைப்பிலோ இரு கால்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

பிணைப்பின் உறுதியை அளக்க நுட்பமான எக்ஸ்ரே முறை ஒன்றுண்டு. எலும்பில் கடுகினும் சிறிய டாண்டலம் மணிகளைப் பதித்து, மூட்டு மில்லிமீட்டரின் சிறு பகுதி நகர்ந்தாலும் கண்டறிவர். இதில் தெரியவந்த செய்தி சுவையானது. சிமெண்ட் இடாத மூட்டு முதல் சில மாதங்களில் சற்று அமிழ்ந்து, பின் அசையாமல் நிலைகொள்கிறது. சிமெண்ட் இட்ட மூட்டு தொடக்கத்தில் அசைவதில்லை; ஆனால் சிலருக்கு மெல்ல மெல்ல ஆண்டுகள் கடந்தும் நகர்வு தொடர்கிறது. இளையவர்களுக்குச் சிமெண்ட் இல்லா முறையைப் பரிந்துரைப்பதற்கான முக்கியமான அறிவியல் காரணம் இதுவே. ஆயினும் இன்றைய முப்பரிமாண அச்சு மூட்டுகள் பெருமளவில் பயன்பாட்டுக்கு வந்து ஏறத்தாழ பத்தாண்டுகளே ஆகின்றன. அவை 'ஆயுள் முழுக்க' உழைக்கும் என்று உறுதி கூறுவோர், இன்னும் கழியாத காலத்துக்கு உறுதி கூறுகின்றனர்.

மூன்றாவது அளவுகோல் நோயாளியின் சொல். ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் மதிப்பீடு என்னும் வினாத்தாளில் 12 கேள்விகள் உள்ளன. மொத்த மதிப்பெண் 48. இரவில் வலி தூக்கத்தைக் கெடுக்கிறதா, மாடிப்படி இறங்க முடிகிறதா, கடைக்குத் தனியே போய்வர முடிகிறதா என்பன போன்ற அன்றாடக் கேள்விகள் அவை. இம்மதிப்பெண்ணில் இரு முறைகளும் ஓராண்டு இறுதியில் ஏறத்தாழ ஒன்றாகவே நிற்கின்றன.

எதிர்பார்ப்பும் நிறைவும்

முழங்கால் மாற்று செய்துகொண்டோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர், தாம் எதிர்பார்த்த நிறைவு கிட்டவில்லை என்று கூறுவதாக வெளிநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. எக்ஸ்ரேயில் மூட்டு குறையின்றி இருக்கும்; ஆயினும் மனம் நிறைந்திருக்காது. பலருக்கு இதன் வேர், அறுவைக்கு முன் கொண்ட எதிர்பார்ப்பில் இருக்கிறது. சிமெண்டைத் தவிர்ப்பதால் இக்குறை நீங்குவதில்லை. ஆகவே சிலவற்றை முன்கூட்டியே தெளிவாகச் சொல்வது எங்கள் கடமை.

சமதளத்தில் நடக்க முழங்கால் ஏறத்தாழ 70 பாகை மடங்கினால் போதும். மாடிப்படிக்கு 90 முதல் 100 பாகையும், நாற்காலியிலிருந்து எழ 105 பாகை வரையும் வேண்டும். நன்கு பயிற்சி செய்பவர்களுக்கு 110 முதல் 120 பாகை வரை மடங்குவது இயல்பு. தரையில் குந்தி அமரவும் இந்தியக் கழிப்பறையைப் பயன்படுத்தவும் 130 பாகைக்கு மேல் தேவைப்படும். சிலருக்கு அது வாய்க்கலாம். ஆனால் அதனை நம்பி அறுவைக்கு வர வேண்டாம். வீட்டில் மேலைக் கழிப்பறை அமைப்பதையும், பூசைக்கும் உணவுக்கும் நாற்காலி இட்டுக்கொள்வதையும் அறுவைக்கு முன்னரே முடித்துவிடுவது நல்லது.

தழும்பின் வெளிப்புறத்தில் ஓரிடம் மரத்திருக்கும். முழங்கால் சில மாதங்கள் வரை வெதுவெதுப்பாக இருக்கும். நடக்கையில் 'டக்' என்ற ஒலி கேட்கலாம். மண்டியிடும்போது பலருக்கு அசௌகரியம் இருக்கும். இவை இரு முறைகளிலும் உள்ளவை; மூட்டு தளர்ந்துவிட்டதன் அடையாளங்கள் அல்ல.

எவருக்கு ஏற்றது?

65 வயதுக்குட்பட்டவர்கள், எலும்பு அடர்த்தி நன்றாக இருப்பவர்கள், சுறுசுறுப்பாக இயங்குபவர்கள் ஆகியோருக்குச் சிமெண்ட் இல்லா முறையைச் சிந்திக்கிறோம். உடல் எடை மிகுந்தவர்களுக்கும் இதில் பிடிமானத் தளர்ச்சி குறைவாக இருப்பதாகச் சில ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

எலும்புப்புரை முற்றியவர்கள், நெடுங்காலம் ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டவர்கள், முடக்குவாதத்தால் எலும்பு மென்மையானவர்கள் ஆகியோருக்குச் சிமெண்ட்டே பாதுகாப்பானது. மாதவிடாய் நின்ற பெண்களே எங்களிடம் வருவோரில் மிகுதி. அவர்களுள் பலர் இப்பிரிவில் அடங்குவர். மென்மையான எலும்பில் மூட்டை இறுக்கிப் பொருத்த முயன்றால் எலும்பு முறிவு ஏற்படலாம். கிருமித்தொற்று அபாயம் மிகுந்தோருக்குச் சிமெண்டில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கலந்து இடும் வசதியும் உண்டு. சிமெண்ட் இடப்பட்டது என்பதால் ஒருவருக்கு இரண்டாந்தர சிகிச்சை அளிக்கப்பட்டது என்று பொருளாகாது.

மற்றொன்றையும் கூற வேண்டும். எலும்பின் உண்மையான தரம் அறுவை அரங்கில், வெட்டிய பரப்பைத் தொட்டுப் பார்க்கும்போதுதான் முழுமையாகத் தெரியவரும். சிமெண்ட் இல்லாமல் செய்யத் திட்டமிட்டுத் தொடங்கி, எலும்பு இடந்தராததால் சிமெண்ட் இட்டு முடிக்க நேரலாம். ஒப்புதல் படிவத்தில் இரு முறைகளையும் குறிப்பிடுவதன் காரணம் இதுவே. வெளியே காத்திருக்கும் குடும்பத்தினர் இதனைத் தோல்வியாகக் கொள்ளாமல், தக்க முடிவாகக் கொள்ள வேண்டுகிறோம்.

செலவைப் பற்றியும் ஒளிவின்றிப் பேசலாம். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் செயற்கை முழங்கால்களுக்கு உச்சவரம்பு விதித்தது. அப்போது கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாயும், டைட்டானியம் முதலான சிறப்பு உலோக மூட்டுக்கு 76,600 ரூபாயும், வரி நீங்கலாக, உச்ச விலையாக நிர்ணயிக்கப்பட்டன. நடப்பு விலையை எங்கள் கணக்குப் பிரிவில் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். 70 வயதுத் தாய்க்குச் 'சிறந்ததைச்' செய்ய வேண்டும் என்னும் அன்பினால் நகையை அடகு வைக்க முனையும் பிள்ளைகளிடம் நாங்கள் கூறுவது இதுதான்: அவருக்கு அந்தக் கூடுதல் செலவால் கூடுதல் பயன் விளையப்போவதில்லை. அப்பணத்தை இயன்முறை சிகிச்சைக்கும், சத்தான உணவுக்கும், கழிப்பறையில் கைப்பிடி பொருத்தவும் செலவிடுங்கள்.

உங்கள் கையில் உள்ளவை

அறுவைக்கு முன் நீரிழிவைக் கட்டுக்குள் கொண்டுவருதல், வைட்டமின் டி குறைபாட்டைச் சரிசெய்தல், பாதப் புண்ணையும் பல் சொத்தையையும் குணப்படுத்திக்கொள்ளுதல் ஆகியவை இன்றியமையாதவை. புகைப்பழக்கம் எலும்பு வளர்ச்சியைத் தடுக்கும். சிமெண்ட் இடாத மூட்டுக்கு அது நேர்ப்பகை. அறுவைக்குப் பின், முழங்காலை முழுதாக நீட்டும் பயிற்சிக்கும் தொடையின் முன்தசையை வலுவாக்கும் பயிற்சிக்கும் முதலிடம் தாருங்கள். மூன்று மாதப் பயிற்சியை மூன்று வாரத்தில் கைவிட்டவரின் கால், எந்த மூட்டைப் பொருத்தினாலும் விறைத்துப்போகும்.

கீழ்க்காணும் அறிகுறிகள் தோன்றினால் அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்:

• காயத்தில் நீர் அல்லது சீழ் வடிதல், குளிர்க்காய்ச்சல்.
• கெண்டைக்கால் வீங்கி வலித்தல்.
• விழுந்த பின் கால் ஊன்ற இயலாமை.
• நன்றாக இருந்த மூட்டில் புதிதாகத் தோன்றி வளரும் வலி.

திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ ஏற்பட்டால் உடனே 108-ஐ அழையுங்கள்.

மூட்டுத் தளர்ச்சி சில வேளைகளில் வலியின்றியே தொடங்கும். ஆதலால் ஆறாவது வாரம், மூன்றாம் மாதம், ஓராண்டு ஆகிய பரிசோதனைகளுக்கும், அதன்பின் நாங்கள் குறித்துத் தரும் ஆண்டுகளிலும், வலி இல்லாவிடினும் வந்து எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியேறும்போது நாங்கள் தரும் சிகிச்சைச் சுருக்கத்தில், உங்கள் மூட்டின் பெயரும் அளவும் தயாரிப்பு எண்ணும் கொண்ட ஒட்டுச்சீட்டு இருக்கும். அதனைப் படியெடுத்து, குடும்ப அட்டையுடன் பத்திரமாக வைத்திருங்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின் வேறோர் ஊரில், வேறொரு மருத்துவர் உங்கள் முழங்காலைப் பார்க்க நேர்ந்தால், அவர் முதலில் கேட்கப்போவது அந்தச் சீட்டைத்தான்.